கரி பிடித்த ஓட்டுத்துண்டு
(அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் என்ற ஊரின் வாசிகசாலையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

சரித்திரம் என்றதும் நம்மில் பலருக்கு ராசாவும் கோயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் பிழையில்லை. இந்த ஊரிலேயே ராசா பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. விஜயபாகு தேவரின் பத்தாம் ஆட்சியாண்டில், தை மாதத்தில், சிவஞான சங்கரர் கோயிலுக்கு, கல்வெட்டு 'வோவில்' என்று சொல்கிற கொடையைக் கொடுத்த செய்தி அது. அந்தத் தருமத்துக்குக் கேடு செய்கிறவனுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரட்டும் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவரையும் வாங்கிய கோயிலையும் கல்வெட்டு சொல்லிவிட்டது. அந்தக் காலத்துப் பெண் எந்தப் பானையில் உலை வைத்தாள் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது, நீங்கள் கிணறு வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டு வரம்போரம் எறிகிற, உடைந்த மண்பானையின் ஓட்டுத்துண்டு.

நான் சொல்வது உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமான ஓடு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆதி இரும்புக்காலக் குடியிருப்புகளில் இது நிறையக் கிடைக்கிறது. இந்த இரட்டை நிறம் சாயம் பூசி வந்ததல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள். உள்ளே காற்றுப் போகவில்லை, கரி ஏறிக் கறுத்தது. வெளியே காற்றுப் பட்டது, மண்ணிலுள்ள இரும்பு சிவந்தது. நெருப்பையும் காற்றையும் கணக்குப் பார்க்கத் தெரிந்த கை அது! துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாகமாக இருந்து கரி பிடித்திருந்தால் அது அடுப்பில் ஏறிய சட்டி. சில ஓடுகளில் உமி பதிந்த தடம் இருக்கும், அதைச் செய்த இடத்தில் நெல் புழங்கியிருக்கிறது. ஓட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிய கொழுப்பை ஆய்வுகூடத்தில் பிரித்து, அந்தச் சட்டியில் மீன் வெந்ததா, இறைச்சி வெந்ததா என்றுகூட இன்று தேடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் காலத்துத் தடயம் உண்டு. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமக்கல்லறைகள் அறியப்பட்டிருக்கின்றன. அம்பாறை மாவட்டத்துக் குடுவில் என்ற இடத்தில், பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் தீகவாபி வணிகர்களோடு ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரும் வருகிறது, திஸ்ஸா என்று. வியாபாரம் நடந்த ஊர் என்றால் அங்கே அளவைகள், சாடிகள், வண்டித்தடம், பசித்து வந்தவனுக்குச் சமைத்தவர்கள், எல்லாம் இருந்திருக்கும்.

அடுத்து அம்மி. தெற்கே, அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கொடவாயக் கடலில், 2003 இல், முப்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் ஒரு கப்பலின் சிதைவு தெரியவந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தியது. இந்து சமுத்திரத்தில் இதுவரை தெரிந்த கப்பல் சிதைவுகளில் ஆகப் பழையது அதுதான். அதைக் கண்டவர்கள் அப்பகுதிக் கடலில் தொழில் செய்கிற மீனவர்கள். கண்ணாடிக் கட்டிகளோடும் மட்பாண்டங்களோடும் அங்கே கிடந்தது, கால் வைத்துச் செய்த அரைகல். அதில் மீன் உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். அரைக்கிற கல்லுக்கு இவ்வளவு அலங்காரமா என்று எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான்.

இதைச் சொன்னால், "அப்போ எங்கட வளவில் கிடைத்ததையும் கொண்டு வரட்டா?" என்று கேட்பீர்கள். வேண்டாம், எடுக்காதீர்கள். எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் கரித்துண்டைக் கொண்டு காலம் கணிப்பார்கள். தேய்த்துக் கழுவி அலுமாரியில் வைத்த ஓடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆய்வுக்கு அது முக்கால்வாசி ஊமை. புதையல் என்று இரவில் தோண்டுகிறவர்கள் செய்யும் நாசம் இதைவிடப் பெரியது. பொன் கிடைக்காத கோபத்தில் அவர்கள் உடைத்துப் போடுகிற தாழியில்தான் ஒரு குடும்பத்தின் கதை இருந்திருக்கும். அனுமதியில்லாமல் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்.

சரி, அறிவித்தால் காணி போய்விடுமே என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி அமைத்த செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. இந்த மண்ணில் உழுது விதைக்கிறவர்களைக் கேட்காமல் இந்த மண்ணின் சரித்திரத்தைப் பேசப் புறப்பட்டால் சனம் ஓட்டைத் திரும்பவும் மண்ணுக்குள் தள்ளி மூடத்தான் செய்யும். ஆனால் மூடினால் நட்டம் நமக்கே. சாதாரண சனம் சமைத்த, விதைத்த, மீன் பிடித்த தடயம் நம் கையிலேயே அழிந்துபோகும். ஆகவே தனியாகப் போகாதீர்கள். முதலில் கிடந்த இடத்திலேயே படம் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து. திகதியையும் ஆழத்தையும் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களோடும் பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியரோடும் சேர்ந்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் சொல்லுங்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீட்டில் பழைய மரைக்கால் இருக்கும், பாக்குவெட்டி இருக்கும், நடு தேய்ந்த அம்மி இருக்கும். அம்மம்மாவிடம் போய், அதை யார் வாங்கியது, எங்கேயிருந்து வந்தது, யார் கை பட்டுத் தேய்ந்தது என்று கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தை அதை வாசித்தே தொடங்குவோம்.