கோல் பிடிக்கும் மாணவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்டக்டர் என்றதும் நமக்கு விசிலும் டிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். நடத்துநர் என்று தமிழில் சொன்னாலும் பஸ்ஸைவிட்டு இறங்க முடியாது. நான் பேச வந்தது மெல்லிய கோல் ஒன்றைப் பிடித்து, அறுபது எழுபது பேர் வாசிக்கும் மேற்கத்திய இசைக்குழுவை நடத்துகிறவரைப் பற்றி. அதிலும், ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் அந்தக் கோலைப் பிடிக்கும் மாணவரைப் பற்றி.

அங்கே மாணவர் இசைக்குழுக்களில் சில நூறு வயதைத் தாண்டியவை. ஃபுகுவோகாவின் கியூஷூ பல்கலைக்கழகக் குழு 1909-இல் தொடங்கியது, கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 1916-இல். இவற்றில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை படிக்கிறவர்கள். பின்னாளில் பெரிய நடத்துநரான தகாஷி அசாஹினா கியோட்டோவில் சட்டம் படிக்கப் போனவர். அங்கே மாணவர் குழுவில் வயலின் வாசித்து, அதை நடத்திய எம்மானுவல் மெட்டரிடம் பாடம் கேட்டார். 1947-இல் அவர் ஒசாகாவில் தொடங்கிய குழுதான் இன்றைய ஒசாகா ஃபில்ஹார்மோனிக். 2001-இல் 93 வயதில் காலமாகும்வரை கோலைக் கீழே வைக்கவில்லை.

இந்தக் குழுக்களில் ‘காகுசெய் ஷிகிஷா’ என்று ஒரு பொறுப்பு உண்டு. மாணவ நடத்துநர் என்று பொருள். கச்சேரியன்று முக்கியமான சிம்ஃபொனியை நடத்த வெளியிலிருந்து தொழில்முறை நடத்துநர் வருவார். ஆனால் அவர் வருவது சில ஒத்திகைகளுக்குத்தான். மற்ற மாதங்கள் முழுக்கக் குழுவைத் தயார் செய்வது இந்த மாணவர். அந்த வேலைக்கு ‘ஷிதபுரி’ என்று பெயர். இன்னொருவருக்காக முன்கூட்டியே கோல் அசைத்து வைப்பது. கைதட்டலில் அவருக்குப் பங்கு கிடைப்பது பெரும்பாலும் தொடக்க உருப்படியிலோ கடைசியில் கேட்டு வாங்கும் உருப்படியிலோதான்.

முதல் தலைவலி உருப்படித் தேர்வு. உதாரணத்துக்கு ஒரு நிகழ்ச்சியை நாமே அமைத்துப் பார்ப்போம். தொடக்கத்துக்கு பிராம்ஸ் எழுதிய ‘அகடமிக் ஃபெஸ்டிவல் ஓவர்ச்சர்’. பிரெஸ்லாவ் (இன்று போலந்தில் இருக்கும் நகரம்) பல்கலைக்கழகம் 1879-இல் தந்த கௌரவ டாக்டர் பட்டத்துக்கு நன்றியாக அவர் எழுதியது. 1881 ஜனவரி 4-இல் அங்கேயே அவரே நடத்தினார். பேராசிரியர்கள் கம்பீரமாக ஏதாவது எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ மாணவர்கள் மதுக்கடையில் பாடும் பாட்டுகளைக் கோத்துக் கொடுத்தார். முக்கிய உருப்படி பேத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனி.

இப்போது ஆள் கணக்கு. பிராம்ஸுக்கு ஹார்ன் நான்கு, டிரம்பெட் மூன்று, டியூபா ஒன்று, டிம்பனி என்ற பானை முரசோடு பெரிய டிரம், சிம்பல், டிரையாங்கிள். பேத்தோவனுக்கு ஹார்ன் இரண்டு, டிரம்பெட் இரண்டு, டிம்பனி மட்டும். டியூபாவுக்கு வேலையே இல்லை. ஃப்ளூட்டுக்கு இரண்டு உருப்படியிலும் இரண்டிரண்டு பேர், கூடவே பிக்கலோ என்ற சின்ன ஃப்ளூட்டுக்கு ஒருவர். ஆக இரண்டு உருப்படிக்கும் சேர்த்து ஆறு நாற்காலி. ஃப்ளூட் பிரிவில் எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேர் மேடையே ஏற முடியாது. மேடை ஏறும் முறையை ‘நோரிபன்’ என்றும் இறங்கி இருக்கும் முறையை ‘ஓரிபன்’ என்றும் சொல்வார்கள். பாதிச் சண்டை இதில்தான். ஃப்ளூட்டுக்கு ஆள் நெரியும். பஸூன் என்ற நீண்ட மரக்குழலுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும், கருவியின் விலை அப்படி. இந்த இரண்டு உருப்படிக்கும் அதைவிடக் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கான்ட்ராபஸூன் வேறு தேவை. அது பல்கலைக்கழகத்தின் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்து வில் குறிப்பு. எந்தச் சுரத்துக்கு வில்லை மேலே தள்ளுவது, எதற்குக் கீழே இழுப்பது என்பதை முதல் வயலின் தலைவர் பென்சிலால் குறித்து, மற்றத் தந்திப் பிரிவுத் தலைவர்களுக்குக் கொடுப்பார். முதல் வயலின் 12, இரண்டாம் வயலின் 10, வயோலா 8, செல்லோ 8, டபுள் பேஸ் 6 என்றால் 44 பேர். ஸ்டாண்டுக்கு இருவர், ஆக 22 பிரதிகளில் குறிப்பு ஏற வேண்டும். முதல் ஒத்திகைக்கு முன்பே இது முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் இரண்டு மணி நேர ஒத்திகையில் அரை மணி “மேலா, கீழா” என்பதிலேயே போய்விடும்.

இனி கோலுக்கு வருவோம். பேத்தோவன் ஐந்தின் தொடக்கம் உலகமே அறிந்த நான்கு சுரம். கேட்க எளிது, புதிதாகக் கோல் பிடித்தவருக்கு அதுவே பொறி. நம் கச்சேரி மொழியில் சொன்னால் இது அனாகத எடுப்பு. தாளத் தட்டு விழுகிற இடத்தில் மௌனம்; அதற்குப் பிறகுதான் மூன்று குறுஞ்சுரங்கள், பிறகு நீட்டிப் பிடிக்கும் நான்காவது சுரம். பேத்தோவன் குறித்த வேகத்தில் நிமிடத்துக்கு 108 பார் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்தான் பார்). ஒரு பாருக்கு அரை நொடிக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் மௌனமும் மூன்று சுரமும் அடங்க வேண்டும்.

இங்கே தவறு இரண்டு விதம். ஒன்று, பயத்தில் “ஒன்று, இரண்டு” என்று இரண்டு மூன்று முன்வீச்சு காட்டுவது. எந்த வீச்சு நிஜம் என்று தெரியாமல் முன்வரிசையில் இருவர் சீக்கிரமே புகுந்துவிடுவார்கள். இன்னொன்று, கை கீழே வந்ததும் அங்கேயே உறைந்துபோவது. அப்போது வாசிப்பவர்கள் மௌனத்தை விழுங்கி, தட்டிலேயே மூன்று சுரத்தையும் வாசிப்பார்கள். அது திஸ்ரம்போல ஒலிக்கும், முதல் சுரத்துக்கு அழுத்தமும் விழுந்துவிடும். வழி இதுதான்: உண்மையான வேகத்தில் ஒரே ஒரு முன்வீச்சு, அதோடு மூச்சை இழுப்பது. கை கீழே தொட்டதும் பந்துபோல எகிற வேண்டும்; அந்த எகிறலில்தான் மூன்று சுரமும் வருகின்றன. அடுத்த தட்டில் நீட்டிப்பு. முதல் நீட்டிப்பு ஒரு பாரில் முடிகிறது. இரண்டாவது நீட்டிப்புக்கு இரண்டு பார். அதற்குக் கூடுதலாக ஒரு தட்டு காட்ட வேண்டும். அதை மறந்தால் கோல் ஒரு பாரிலும் குழு இன்னொரு பாரிலும் நிற்கும்.

அதே சிம்ஃபொனியில் டிராம்போன்காரர்கள் மூன்று பேர் முதல் மூன்று பகுதிகளிலும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் பகுதியிலிருந்து நான்காவதுக்கு இடைவெளி கிடையாது. நேராக உரத்த சி மேஜர் முழக்கம். அதற்குள் கருவி ஆறிப்போயிருக்கும். ஆறிய குழாய் சுருதி இறங்கி நிற்கும், உதடும் விறைத்திருக்கும், முதல் சுரமே உடையும். மூன்றாம் பகுதி ஓடும்போதே ஒலி எழுப்பாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதை மாணவ நடத்துநர் ஒத்திகையிலேயே சொல்லிவைப்பது நல்லது. உதிரிப் பகுதிகளாக ஒத்திகை பார்க்கும்போது இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. முழுதாக ஓட்டினால்தான் வெளிப்படும்.

நிறுத்தித் திருத்துவதற்கும் முறை உண்டு. இடம் காட்டுவதற்காக இசைத்தாளில் ஆங்காங்கே ஏ, பி, சி என்று எழுத்துகள் அச்சிட்டிருக்கும். “சி எழுத்துக்கு எட்டு பார் முன்னால்” என்று சொன்னால் எல்லோரும் முதலில் சி-யைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எண்ணுவார்கள். எண்ணிக்கையை முதலில் சொன்னால் எண்ணத் தொடங்க இடம் தெரியாமல் முழிப்பார்கள். நல்லவேளை, தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் எழுத்துதான் முதலில் வரும். யார், எங்கே, என்ன: இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கோலைத் தூக்க வேண்டும். நீண்ட பேச்சு உதவாது. பேசுகிற ஒவ்வொரு நிமிடத்திலும் பித்தளைக் கருவிக்காரர்களின் உதடு ஆறுகிறது, வயோலாக்காரர் செல்போனைத் தேடுகிறார்.

ஷிதபுரியில் என் கணிப்பில் மிகப் பெரிய தப்பு, மாணவர் தன் ரசனையைக் குழுவின் உடம்பில் ஏற்றிவிடுவது. இங்கே கொஞ்சம் இழு, அங்கே கொஞ்சம் தேக்கு என்று மூன்று மாதம் பழக்கினால், அழைத்து வந்த நடத்துநரின் முதல் ஒத்திகையில் குழு அவர் கையைப் பார்க்காது, பழக்கத்தை வாசிக்கும். அதனால் ஒரே பகுதியைக் குறித்த வேகத்திலும், அதைவிடச் சற்று மெதுவாகவும், சற்று வேகமாகவும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும். சுருதி, தாளம், யாரை யார் கேட்டு வாசிப்பது: இவற்றை உறுதியாக்கிவிட்டு, உணர்ச்சி வெளிப்பாட்டைத் திறந்து விட்டுவைக்க வேண்டும். இருபது வயதில் இந்த அடக்கம் கஷ்டம்தான்.

கச்சேரியன்று மேடையிலேயே நடக்கும் முழு ஒத்திகையை, ஜெர்மன் சொல்லைச் சுருக்கி ‘கெனெபுரோ’ என்பார்கள். வகுப்பறையில் பழகிய குழுவுக்கு மேடையின் ஆழம் புதிது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் பின்னால் இருக்கும் டிம்பனி, முன்வரிசை வயலினைக் கேட்டு அடித்தால், அந்தச் சத்தம் நடத்துநர் காதுக்கு வரும்போது போக வர ஏறக்குறைய 0.06 நொடி பிந்தியிருக்கும். பின்வரிசை கோலைப் பார்த்தே வாசிக்க வேண்டும். ஓபோ என்ற மரக்குழல் கொடுக்கும் சுருதி அங்கே பெரும்பாலும் நொடிக்கு 442 அதிர்வு. விளக்குச் சூடு ஏற ஏறக் காற்றுக் கருவிகள் மேலே போகும், தந்திகள் தளர்ந்து கீழே போகும். இடைவேளைக்குப் பிறகு மறுபடி சேர்த்தே ஆக வேண்டும். டிரம்பெட்காரர்கள் காலையிலேயே முழு மூச்சில் ஊதித் தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் மாணவ நடத்துநரின் வேலைதான்.

மாலையில் பிராம்ஸை நடத்தி வணங்கிவிட்டு அவர் இறங்குவார். அடுத்த உருப்படியில் அவருக்கு வயோலாவில் கடைசி ஸ்டாண்டு இருக்கலாம். உள்பக்க நாற்காலி என்றால் பக்கம் புரட்டுவதும் அவரே. வாடகைக்கு எடுத்த இசைப் பிரதிகள் ஏதாவது இருந்தால், மறுநாள் ரப்பரை எடுத்து மாதக்கணக்கில் போட்ட பென்சில் குறிகளையெல்லாம் அழித்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

வணக்கம்.