தலைக்கு அறுபது ரூபாய்

ஊராட்சிச் செயலர்களே, வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, தூய்மைக் காவலர்களே, வணக்கம்.

தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரகப் பிரிவு, இரண்டாம் கட்டத்தில் திடக்கழிவுக்குத் தலைக்கு 60 ரூபாயும், வீட்டுக் கழிவுநீருக்குத் தலைக்கு 280 ரூபாயும் வகுத்தது. இது 5,000 பேர் வரை உள்ள ஊருக்கு. 5,000-ஐத் தாண்டினால் குப்பைக்கு 45 ஆக இறங்குகிறது, கழிவுநீருக்கு 660 ஆக ஏறுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சரியாக 5,000 பேர் இருக்கும் ஊருக்குக் குப்பைக்கு 3 லட்சம் ரூபாய். ஒரு பிள்ளை கூடுதலாகப் பிறந்தால் 2,25,045 ரூபாய்தான். அதே பிள்ளை கழிவுநீர்க் கணக்கில் 14 லட்சத்தை 33 லட்சமாக்கிவிடுகிறது! உங்கள் ஊர் 5,000-ஐ ஒட்டி இருந்தால், எந்தப் பதிவேட்டு மக்கள்தொகையை எடுக்கிறார்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3,000 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். குப்பைக்கு 1,80,000 ரூபாய். இதில் 70 சதவீதம், அதாவது 1,26,000, இயக்கத்திலிருந்து வரும். மீதி 54,000-ஐ, ஒன்றிய அரசு அமைக்கும் நிதிக் குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியத்திலிருந்து ஊராட்சி போட வேண்டும். கழிவுநீருக்கு 8,40,000, அதில் ஊராட்சியின் பங்கு 2,52,000. 'முழுப்பணமும் மேலேயிருந்து வரும்' என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் சறுக்குவது இந்த 30 சதவீதத்தில்தான்.

பதினைந்தாவது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரைக்குச் சொன்ன விதி இது: மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டிய பணம். அதில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மற்ற 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவிடலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக் கூடாது. குழு மாறும்போது சதவீதம் மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

இனி வேலைக்கு வருவோம். குப்பைத் திட்டத்துக்கு எஸ்டிமேட் போடும் முன் ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். ஏழு நாள், ஞாயிறையும் சந்தை நாளையும் விடாமல், மட்கும் குப்பை தனி, மட்காதது தனி என்று எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆளுக்கு 200 கிராம் என்று மேசையில் உட்கார்ந்து பெருக்கினால் 3,000 பேருக்கு 600 கிலோ வரும். தெருவில் அது வராது. காய்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போய்விடும் ஊரில் மட்கும் குப்பை பாதிகூடத் தேறாது.

எடை போட்டதில் மட்கும் குப்பை நாளைக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரமுள்ள செங்கல் தொட்டி, கன அடியில் 180, ஏறக்குறைய 5 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் இரண்டரை டன் பிடிக்கும். அது நிறைய 17 நாள். நிறைந்த குப்பை உரமாக 90 நாளாவது வேண்டும். முதல் தொட்டி காலியாகி மறுபடி கைக்கு வர 107 நாள். அதுவரை வரும் குப்பைக்கு இடம் வேண்டுமென்றால் மொத்தம் ஏழு தொட்டி. எஸ்டிமேட்டில் இரண்டுதான் இருக்கும்! இரண்டும் 34 நாளில் நிறைந்து, ஐந்தாம் வாரக் கடைசியில் குப்பை தொட்டிக்கு வெளியே கொட்டப்படும், அதற்கடுத்த வாரம் யாரோ கொளுத்துவார்கள். தூய்மைக் காவலரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏழு தொட்டிக்குப் பணம் இல்லையென்றால், சேகரிப்பைக் குறையுங்கள்: ஆடு மாடு வைத்திருக்கும் தெருக்களை விட்டுவிட்டு, கடைத்தெரு, பள்ளிச் சத்துணவுக் கூடம், கல்யாண மண்டபம் ஆகியவற்றை மட்டும் எடுங்கள்.

மண்புழு வேண்டுமென்றால் இன்னும் கவனம். புதுச் சாணத்தையும் பச்சைக் குப்பையையும் நேரே போட்டால் அது சூடேறிப் புழு செத்துப்போகும். பதினைந்து நாளாவது மட்கவிட்டுச் சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டும். கூரை நிழலும் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் அளவு ஈரமும் இருக்க வேண்டும். படுக்கையைச் சுற்றிச் சிறு வாய்க்கால் கட்டி நீர் நிற்கவிட்டால் எறும்பு வராது.

பேட்டரி வண்டி பற்றி எல்லோரும் கேட்பார்கள். வாங்கினால் 1,80,000-இல் பெரும்பங்கு அதற்கே போய்விடும். இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு எந்தத் திட்டமும் தனியாகப் பணம் தராது. சார்ஜ் போடும் இடம், மின் இணைப்பு, இரவில் பூட்டி வைக்கும் சாவி யாரிடம் என்பது தீர்மானத்திலேயே எழுதப்படாத ஊரில் வண்டி ஊராட்சி அலுவலகத்தின் பின்னால் துருப்பிடிக்கும். 150 கிலோவுக்கு இரண்டு தள்ளுவண்டி போதும் என்பது என் கருத்து. சமதளமான ஊரென்றால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது, வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் என்று ஒரே அச்சில் ஊர் முழுக்கத் தோண்டுகிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 55 லிட்டர் வந்தால், கழிப்பறைக்குப் போனது போகக் குளியல், பாத்திரம், துணி துவைப்பிலிருந்து நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வெளியேறும். அந்தக் குழியின் நான்கு பக்கச் சுவரும் சேர்ந்து 4 சதுர மீட்டர். மணல் பூமியில் ஒரு சதுர மீட்டர் நாளைக்கு 50 லிட்டர் குடிக்கும். 180 லிட்டர் இறங்கிவிடும். மணல் கலந்த செம்மண்ணில் 25 லிட்டர்தான். குழி இரண்டு வேண்டும். கரிசலில் 10 லிட்டருக்கும் கீழே. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இந்தக் குழி கொசுத் தொட்டியாக மாறுவதற்குக் காரணம் மக்களின் அலட்சியம் அல்ல, மண். அங்கே கழிவுநீரை வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ திருப்புங்கள், அல்லது பொது வடிகாலாகத் திட்டமிடுங்கள்.

மண்ணைச் சோதிக்க லேப் வேண்டாம். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டி, ராத்திரி முழுக்க நீர் ஊறவிட்டு, காலையில் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். நீர் அசையவே இல்லையென்றால் அந்த இடத்தில் உறிஞ்சு குழி எழுதாதீர்கள்.

கட்டும்போது குழியின் பக்கங்களைச் சிமெண்ட் பூசச் சொல்லும் மேஸ்திரியைத் தடுத்துவிடுங்கள். நீர் இறங்குவதே பக்கச் சுவர் வழியாகத்தான். அடியில் பெரிய கல், நடுவில் நடுத்தரக் கல், மேலே சிறு கல். குழிக்கு முன்னால் மண்ணும் எண்ணெயும் தங்க ஒரு சிறு வண்டல் தொட்டி கட்டாயம். அதை வாரம் ஒருமுறை வழிக்காவிட்டால் சோப்புக் கசடும் எண்ணெய்ப் பசையும் கல்லிடுக்கை அடைத்துவிடும், பிறகு மொத்தக் கல்லையும் எடுத்துக் கழுவுவதைத் தவிர வழியில்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 2 மீட்டர் இடைவெளி இல்லாத ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் மேலேறி வரும்.

பணம் எடுப்பது பற்றி ஒரு சொல். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் வேலை ஏறாமல், ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் ஏறும் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் பதிவாகாமல், பணம் விடுவிக்க முடியாது. தமிழ்நாட்டில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து ஒப்பமிட வேண்டும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில் செங்கல் வந்து கிடக்கும், பில் நகராது. வேலை நடக்கும்போதே ஓவர்சியரை (பணி மேற்பார்வையாளரை) அழைத்து, முடிந்த வேலையின் அளவை அளவுப் புத்தகத்தில் எழுத வையுங்கள். மூடிய குழிக்குள் எத்தனை கன மீட்டர் கல் இருக்கிறது என்று பிறகு யாரும் அளக்க முடியாது. தணிக்கையில் நிற்பது அந்த வரிதான்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை. திட்டத்துக்கு வசதியானது அக்டோபர் 2. செப்டம்பர் கடைசி வாரத்தில் எடை நோட்டை முடித்து, தெருவுக்கு ஒரு சோதனைக் குழியும் வெட்டிப் பார்த்துவிட்டால், எத்தனை தொட்டி, எந்தத் தெருவுக்குக் குழி, எந்தத் தெருவுக்குப் பாத்தி, மாதம் என்ன பராமரிப்புச் செலவு, அது எந்தக் கணக்கிலிருந்து என்று தீர்மானத்தில் எண்ணோடு எழுதலாம். 'சுகாதாரப் பணிகள் மேற்கொள்ள' என்று ஒற்றை வரித் தீர்மானம் போட்டுவிட்டு, ஜனவரியில் திருத்தம் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அலையாதீர்கள். தராசு வாங்கும் செலவை எந்தக் கணக்கில் காட்டுவது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஊராட்சிப் பொது நிதியில் காட்டுங்கள், அது சின்னத் தொகை.