மூன்று பிரதி ரசீது

வணக்கம். கணினியைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் தொலைக்காட்சி ஏரியலில் தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் போகிறவர்கள் கூரைகளை நிமிர்ந்து பார்த்தால் பழைய அலுமினிய ஏரியல்கள் தெரியும். டிஜிட்டலுக்கு மாறி, அவை பிடிக்கும் பழைய அனலாக் ஒளிபரப்பை 2015 ஜூனுக்குள் நிறுத்துவதாகப் பல நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்டன. நம் தென்னாப்பிரிக்கா அந்தக் கெடுவைத் தாண்டிப் போனது. அப்புறம் தேதி மேல் தேதி. அமைச்சர் குறித்த தேதி செல்லாது என்று 2022 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்படுகிறவர்களுக்கு முறையாக அறிவிக்காமல், அவர்களைக் கலந்துகொள்ளாமல் குறித்தது என்பதே காரணம். அடுத்து வந்த 2025 மார்ச் 31-ஐயும் சில நாள் முன்னதாக பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தடுத்தது. ஒரு சுவிட்சை அணைக்க இத்தனை வருஷமா என்று பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்காமல் தேதி குறிக்கிற அதே தப்பை, சின்ன அளவில் நானும் செய்தவன்.

கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ரசீது போட, கணக்கு வைக்க ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, திருவிழாவில் சாப்பாடு உண்டு. எழுதியது பைத்தான் என்ற நிரல் மொழியில். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8 தான், அதற்குப் பின் வந்த எதுவும் அந்தக் கணினிகளில் ஏறாது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. நான் விடவில்லை. எதைப் புதிதாகச் சேர்த்தாலும் பழையதிலும் ஓடுகிறதா என்று பார்க்க கராஜில் ஒரு கிழட்டுக் கணினி வைத்திருந்தேன். 2023-இல் லோட்ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டு முடிந்த ஒரு சாயங்காலம் கரண்ட் திரும்பி வந்தது, அதன் ஹார்ட் டிஸ்க் வரவில்லை.

உண்மையில் அன்றைக்கே நான் அறிவித்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க வழியில்லாத ஒன்றை "ஓடும், ஓடும்" என்று சொல்லிக்கொண்டிருப்பது பொய்தானே? ஆனால் யாரும் கேட்கவில்லை என்பதால் ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். 2024 அக்டோபரில் பைத்தான் 3.8-க்கே ஆயுசு முடிகிறது என்றதும் அதைச் சாக்காக வைத்து, இந்த மாதத்தோடு விண்டோஸ் 7-ஐ விடுகிறேன் என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டேன். பழைய பதிப்பை இறக்கும் பக்கத்திலிருந்து எடுத்தும் விட்டேன். சுத்தமாக முடித்துவிட்ட திருப்தி எனக்கு.

அது புரட்டாசி மாதம். அதுவும் சனிக்கிழமை. டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு கோயிலின் பொருளாளர் ஐயா போன் செய்தார். யாரோ ஒரு பையன் புதிய பதிப்பைப் பழையதன் மேலேயே ஏற்றிவிட்டான், திறக்கவில்லை, வாசலில் வரிசை நிற்கிறது, கையால் ரசீது எழுதுகிறார்கள். என் மின்னஞ்சல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த முகவரியைப் பார்க்கிற பிள்ளை ஜோஹானஸ்பர்க் போய் இரண்டு வருஷமாம். "மெஷின் நல்லாத்தானே ஓடிட்டிருந்தது, தம்பி?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரை எடுத்துக்கொண்டு போனேன். போனபிறகுதான் விஷயமே புரிந்தது. அவர்கள் அந்தக் கணினியை விடாமல் இருந்தது கஞ்சத்தனத்தால் இல்லை. பக்கத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று பிரதிக் காகிதத்தில் ஊசியால் குத்தி அடிக்கும்: ஒன்று பக்தருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று கணக்குத் தணிக்கைக்கு. லேசர் பிரிண்டர் இதைச் செய்யாது, அதற்கு அழுத்தம் கிடையாது. அந்தப் பிரிண்டரின் அகலமான இணைப்பு இப்போதைய கணினிகளில் இல்லை. பழைய கணினிக்கு எத்தனை பேர் மிச்சம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் மிச்சம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

என் வட்டில் கிடந்த பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினேன். கணக்கு முழுவதையும் எந்த மென்பொருளிலும் திறக்கிற மாதிரி சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்க ஒரு பொத்தான் வைத்தேன். கடைசியாக இணையக் கம்பியைக் கழற்றினேன். பழசு என்றாலே ஆபத்து என்பது பாதி உண்மை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி அல்ல, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புத் திருத்தம் வந்து இரண்டு மாதமாகியும் போடாதவை. ஆனால் திருத்தமே வராத கணினியை இணையத்தில் விடுவது வேறு விஷயம். தனியாக உட்கார்ந்து ரசீது அடிக்கட்டும்.

இப்போது விண்டோஸ் 10-இன் முறை. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நம் ஊர்க் கோயில் பொருளாளர் யாரையாவது கேட்டிருந்தால் புரட்டாசியில் வேண்டாம் என்றிருப்பார். பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு அந்தத் தேதிக்குப் பின்னும் ஒரு வருஷம் திருத்தம் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், அதனால் நல்ல நிலையில் இருக்கும் கணினிகளும் ஏறவிடாமல் திரும்புகின்றன. என்னைக் கேட்கிறவர்களிடம், ஓட்டிப் பார்க்க என்னிடம் ஒரு விண்டோஸ் 10 இருக்கிற வரைக்கும் நான் விடமாட்டேன், விடுவதானால் ஆறு மாதம் முன்னால் போனில் சொல்வேன் என்கிறேன். பழைய பதிப்பும் அது பாட்டுக்கு அந்தப் பக்கத்திலேயே கிடக்கும்.

போன வாரம் அந்தப் பொருளாளர் ஐயாவிடம் பேசினேன். புதிய கணினியும் யூஎஸ்பியில் சேரும் டாட் மேட்ரிக்ஸும் வாங்கச் செயற்குழு ஒப்புக்கொண்டுவிட்டதாம். எப்போது என்று கேட்டேன். பழைய பிரிண்டரின் அகலத்துக்கு வாங்கிய காகிதம் இன்னும் நாலு பெட்டி இருக்கிறது, அது தீரட்டும் என்றார்.