27 கிராம் கூடியும் சாதனை உடையல! லார்ஜ்மவுத் பாஸ் கதை

வணக்கம் மக்களே! லார்ஜ்மவுத் பாஸ்ங்கிற நன்னீர் மீன்ல, தூண்டில்ல புடிச்சதுலயே அதிக எடைங்கிற சாதனை 77 வருஷமா நின்னுச்சு. அதைவிட 27 கிராம் கூடுதலா ஒருத்தர் மீன் புடிக்கிறார். ஆனாலும் சாதனை உடையல. ஏன்?

1932 ஜூன் 2. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம். ஜார்ஜ் பெர்ரி புடிச்ச லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோ 90 கிராம். 2009 ஜூலை 2. ஜப்பான்ல பிவா ஏரி. மனபு குரிட்டா இழுத்தது 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். ஆனா விதிப்படி 2 அவுன்ஸாவது, அதாவது 57 கிராமாவது கூட இருக்கணும். அரை முட்டை எடை பத்தல! அதனால சாதனை ரெண்டு பேருக்கும் சமம். நியாயமான்னு கமெண்ட்ல சண்டை போடுங்க.

இந்த மீனோட பூர்வீகம் வட அமெரிக்கா, சன்ஃபிஷ் குடும்பம். ஜப்பானுக்குப் போனது 1925ல. இப்ப அங்க இதை உயிரோட எடுத்துட்டுப் போறதே குற்றம்.

[திரையில்: வாய், குளோசப்]

மேல்தாடை கண்ணைத் தாண்டி நீளுது பாருங்க. ஸ்மால்மவுத் பாஸுக்கு அவ்வளவு நீளாது. இந்த வாயைப் படக்குனு திறந்தா தண்ணியோட சேர்ந்து இரை உள்ள போயிடும். பொய் இரைன்னு தெரிஞ்சா அதே வேகத்துல துப்பிடும். உங்களுக்குக் கிடைக்கிறது அந்த ஒரு நொடிதான்.

அதுக்குத்தான் டெக்சஸ் ரிக், அதாவது ரப்பர் புழுவுக்குள்ள முள்ளு முனையை மறைச்சுக் கட்டுற முறை. பாசிக்குள்ள போட்டாலும் சிக்காது. 15 பவுண்டு தாங்குற லைன்ல (தூண்டில் நரம்புல) ஒரு பக்கம் கூரா இருக்குற 7 கிராம் ஈயக்குண்டைக் கோத்துக்கோங்க. கூர்ப்பக்கம் தூண்டில் ராடைப் பார்த்து இருக்கணும். அடுத்து 3/0 சைஸ் ஆஃப்செட் முள்ளை, அதாவது லைன் கட்டுற கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன வளைவு உள்ள முள்ளைக் கட்டுங்க. 7 இஞ்ச் ரப்பர் புழுவோட தலையில நடுவுல குத்தி, அரை சென்டிமீட்டர் போனதும் பக்கவாட்டுல வெளிய எடுங்க. கண்ணுக்குக் கீழ இருக்குற அந்தச் சின்ன வளைவு வரைக்கும் புழுவை ஏத்தி, முள்ளைத் திருப்புங்க. இப்பதான் எல்லாரும் அவசரப்படுவாங்க! முள்ளைப் புழு பக்கத்துல தொங்கவிட்டு, அடிவளைவு தொடுற இடத்தைப் பாருங்க. அங்கதான் குத்தணும். முன்னப்பின்ன குத்தினா புழு கூன் போடும், இழுக்கும்போது பம்பரமாச் சுத்தும், லைன் முறுக்கிக்கும். முனையைத் தோலுக்கு அடியில மறைச்சிடுங்க.

'டொக்'னு தட்டுச்சா? உடனே வெட்டி இழுக்காதீங்க. ராடைத் தாழ்த்தி, தொய்வைச் சுத்தி எடுத்துட்டு இழுங்க. லைன் தொய்வா இருந்தா முள்ளு ரப்பரைத் தாண்டி வாய்க்குப் போய்ச் சேராது.

மீன் கைக்கு வந்ததும் கீழ்த்தாடையில கட்டைவிரலை வைக்கலாம், பல்லு உப்புத்தாள் மாதிரிதான். பெரிய மீனுன்னா இன்னொரு கையால வயித்தைத் தாங்குங்க. தாடையை மட்டும் புடிச்சுக் கிடைமட்டமா நீட்டினா தாடை போயிடும். இதே தைரியத்துல நம்மூர் விரால் வாய்ல விரலை வெச்சிடாதீங்க, அது பதம் பார்த்துடும்!