ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஊர்ப்புறக் கால்பந்தைப் பற்றி, முக்கியமாக ஊர்க் கிளப்புகளையும் லீக் போட்டிகளையும் எப்படி நடத்துவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தேன். கிட்டத்தட்ட அவ்வளவு காலமும் எங்கள் கடற்கரை ஊர்க் கிளப்பில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்திருக்கிறேன். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை எங்களுடையது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் வரைக்கும் போய் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். அந்த உயரத்துக்குப் போனவர்களைப் பற்றிப் பேப்பரில் எழுதுகிறார்கள், டி.வி.யில் காட்டுகிறார்கள். எங்கேயும் போகாமல் ஊரிலேயே பந்து ஆடுகிற பையனைப் பற்றித்தான் நான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஊர்த் திருவிழா சமயத்தில் ரோட்டோரம் ஃபிளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். 'மாபெரும் எழுவர் மின்னொளி கால்பந்துப் போட்டி' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை இன்னார் நினைவாக, நுழைவுக் கட்டணம் இவ்வளவு. நாங்களும் அப்படி எத்தனையோ நடத்தியிருக்கிறோம். இரவில் விளக்கு போட்டு, வெளியூரிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களை வரவழைத்து, ஊரே திரண்டு வந்து பார்க்கும். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, கேளுங்கள்.

எட்டு அணி வருகிறது என்று வையுங்கள். தோற்றால் வெளியே, அதாவது நாக்-அவுட். முதல் சுற்றிலேயே நாலு அணி வீட்டுக்குப் போய்விடும். மொத்தப் போட்டியிலும் ஏழே ஆட்டம்தான். அதே எட்டு அணியை லீக் முறையில், எல்லோரோடும் எல்லோரும் ஒரு தடவை மோதுகிற மாதிரி ஆடவிட்டால் இருபத்தெட்டு ஆட்டம். கடைசியில் வருகிற அணியும் ஏழு ஆட்டம் ஆடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஆட்டம் வைத்தால் ஏழு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். யார் யாரோடு எந்த வாரம் என்று அட்டவணை போட ஒரு சுலபமான வழி உண்டு. அதைப் படம் போட்டுத்தான் காட்ட முடியும், வானொலியில் வேண்டாம். உங்கள் ஊர்க் கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் பத்து நிமிஷத்தில் போட்டுத் தந்துவிடுவார்.

இந்தக் கணக்கு எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒரு பையன்தான் தோன்றவைத்தான். பதினொரு வயசு, இடது கால்காரன். சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு நாக்-அவுட் போட்டிக்காக மூணு மாசம் காலையில் ஆறு மணிக்கு கடற்கரைக்கு வந்தான். போட்டி அன்றைக்கு மழை. ஆட்டம் நாற்பது நிமிஷம், ஒன்றுக்கு சைபர் என்று தோற்றோம். ஜெர்சியைக் கழற்றி மடித்து என் கையில் தந்துவிட்டுக் கேட்டான்: "இனி எப்ப சாரே களி?" களி என்றால் எங்கள் பேச்சில் ஆட்டம். அடுத்த திருவிழாவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு இன்னும் பதினோரு மாசம் இருந்தது. அந்தக் கேள்விக்கு 'வர்ற ஞாயிற்றுக்கிழமை மக்ளே' என்று பதில் சொல்ல முடிகிற ஊரில்தான் பந்து நிலைக்கும். இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

லீக் என்கிற ஏற்பாடு பிறந்ததே இந்தக் கஷ்டத்தில்தான். இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் வில்லியம் மெக்ரிகர் என்று ஒரு துணிக்கடைக்காரர். ஆஸ்டன் வில்லா கிளப்பில் பொறுப்பில் இருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே கோப்பைப் போட்டியும் நட்பு ஆட்டமும்தான். கோப்பை ஆட்டம் வந்தால் நட்பு ஆட்டம் ரத்தாகிவிடும். எதிரணி வருமா வராதா என்பதே கடைசி வரை தெரியாது, ஆட்டம் பார்க்க வந்த ஜனங்கள் திரும்பிப் போவார்கள். 1888 மார்ச் 2ஆம் தேதி அவர் சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். நமக்குள் ஒரு உடன்பாடு செய்துகொள்வோம், இன்ன தேதியில் இன்னாரோடு ஆட்டம் என்று குறித்துவிட்டால் குறித்ததுதான் என்று. அதே வருஷம் செப்டம்பரில் பன்னிரண்டு அணிகளோடு லீக் தொடங்கியது. ஒவ்வொரு அணிக்கும் இருபத்திரண்டு ஆட்டம். ஜெயித்தால் எத்தனை புள்ளி என்பதைக்கூட லீக் ஆரம்பித்து இரண்டு மாசம் கழித்துத்தான் முடிவு செய்தார்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நிறைய ஊர்களில் 'எல்லா விதியும் எழுதி முடியட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்' என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேதியை முதலில் குறியுங்கள்.

தேதி என்றதும் எங்கள் கரையில் வேறு ஒரு சிக்கல். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். விசைப்படகில் ஏறினால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அறுபத்தொரு நாள். அப்போதுதான் ஆட்கள் மொத்தமாக ஊரில் இருப்பார்கள். எண்ணிப் பாருங்கள், அந்த இரண்டு மாசத்தில் எப்படியும் எட்டு ஞாயிற்றுக்கிழமை வரும். லீக்குக்கு ஏழு, மழைக்கு ஒன்று கையிருப்பு. பெரியவர்களுக்கான லீக்கை அங்கேதான் வைத்தோம். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் கடல் சீற்றமும் அதே மாசங்களில்தான் வரும். போன மாசம் மைதானமாக இருந்த மணல் இந்த மாசம் தண்ணீருக்குள் இருக்கும். பருவம் முடிந்தபிறகு கடல் மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும், எல்லா இடத்திலும் முழுசாகப் போடாது. அதனால் மைதானத்தின் நீள அகலம் எங்களுக்கு வாரா வாரம் மாறும். இடம் குறைகிற அன்றைக்குப் பதினொருவர் ஆட்டம் எழுவர் ஆட்டமாகிவிடும். எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி மணலில் நிற்காது, படகுக் கயிற்றைத்தான் இழுத்துக் கட்டுகிறோம்.

இப்போது வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையை எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன், இன்றைக்கும் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

லீக் தொடங்கிய வருஷம், நாலாவது ஞாயிறு. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு அணி. கடைசிப் பத்து நிமிஷம். வலது ஓரத்திலிருந்து ஒரு பையன் ஓங்கி அடித்தான், பந்து கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. ஒரு கூட்டம் 'கோல்' என்று குதிக்கிறது, இன்னொரு கூட்டம் 'வெளியே' என்று கத்துகிறது. விஷயம் என்னவென்றால், வலையின் பக்கவாட்டில் ஒரு பொத்தல். பந்து போஸ்டுக்கு உள்ளே போய்ப் பொத்தல் வழியாக வெளியே வந்ததா, இல்லை போஸ்டுக்கு வெளிப்பக்கமாகவே போனதா? ரெஃப்ரி தூரத்தில் இருந்தார். தான் பார்க்காததைத் தர முடியாது என்று கோல் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. ஆட்டம் நின்றது. ராத்திரி இரண்டு ஊர்க் கிளப் செயலாளர்களும் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. முன்னே இதே மாதிரி ஒரு நாக்-அவுட்டில் தகராறு வந்து இந்த இரண்டு ஊரும் இரண்டு வருஷம் பந்தே ஆடாமல் இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

காலையில் எங்கள் ஊரில் வலை கட்டுகிற பெரியவர் ஒருத்தர் மைதானத்துக்கு வந்தார். எழுபது தாண்டியவர். பந்தாட்டத்தில் அவருக்கு ஒரு ஈடுபாடும் கிடையாது. "எந்தப் பொத்தல் வழியா சாரே பந்து போச்சு?" என்று கேட்டார். காட்டினேன். பந்தைக் கையில் வாங்கி, இரண்டு கையாலும் அணைத்துப் பார்த்தார், தேங்காய் வாங்குகிறவர் பார்க்கிற மாதிரி. "கண்ணி இதுல பாதி இருந்தாப் போதும்" என்றார். கண்ணி என்றால் வலையில் முடிச்சுகளுக்கு நடுவே இருக்கிற ஓட்டை. இடுப்பிலிருந்து வலை ஊசியை எடுத்தார். நூல் சுற்றிய ஊசி, கூடவே கண்ணி அளவுக்கு ஒரு மரக்கட்டை. கட்டையை வைத்து, நூலைச் சுற்றி, முடிச்சைப் போட்டு, பெருவிரலால் அழுத்தி ஒரு இழுப்பு. அடுத்த முடிச்சு. பொத்தலை மட்டும் அடைப்பார் என்று நினைத்தேன். நைந்த இடமெல்லாம் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசாகக் கட்ட ஆரம்பித்தார். "வலையை யாராவது விரிச்சுப் பிடிங்கடே" என்றார். சுற்றி நின்றது யார்? நேற்றுச் சண்டை போட்ட இரண்டு ஊர்ப் பையன்களும்தான். இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர், மத்தியானம் வரைக்கும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிற்கிறவன் எவ்வளவு நேரம்தான் பேசாமல் நிற்பான்? முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அந்த கோலைப் பற்றி. சாயங்காலம் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள். ஆட்டத்தை ரெஃப்ரி நிறுத்திய நேரத்து கணக்குப்படியே முடித்தோம், அடுத்த ஞாயிறு இரண்டு அணியும் வந்தது. வந்தாக வேண்டும், இன்னும் மூணு ஆட்டம் பாக்கி இருந்ததே.

அந்தப் பாட்டா அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வந்து வலையைச் சுற்றி ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்ப்பார். போஸ்டை அசைத்துப் பார்ப்பார். இதைக் கவனியுங்கள், தூக்கி வைக்கிற கோல் போஸ்ட் வைத்திருக்கிற கிளப்புகள் எல்லாம் கவனியுங்கள். பிள்ளைகள் அதில் தொங்குவார்கள், அது முன்பக்கம் சாயும். போஸ்ட் சாய்ந்து பிள்ளைகள் செத்த செய்தி பல நாடுகளில் வந்திருக்கிறது. பின்கம்பியில் மணல் மூட்டை போட்டுக் கட்டாமல் எந்தப் போஸ்டையும் நிறுத்தி வைக்காதீர்கள். எங்கள் பாட்டா படகு நங்கூரத்தைக் கொண்டுவந்து புதைத்தே கட்டிவிட்டார்.

அடுத்து, வருகைப் பதிவேடு. கிளப் நடத்துகிறவர்கள் செலவுக் கணக்கு எழுதுகிறார்கள், நல்லது. திருப்பலி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது அதை வாசிக்கவும் வேண்டும், ஊர்ப் பணம். அதோடு எந்தப் பையன் எந்த வாரம் வந்தான் என்றும் எழுதுங்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் கரையிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பந்தை யாரும் தொடவில்லை. மாசங்கள் போனபிறகு பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளை வைத்தாவது ஆரம்பியுங்கள் என்றார். பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் பெயராக வீட்டுக்கு நடந்தோம். அப்பாவைக் கடலில் தொலைத்த ஒரு பையன் வீட்டில், அவனுடைய அம்மா அந்த நோட்டை வாங்கி அவன் பெயருக்கு நேரே இருந்த டிக் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இத்தன நாளு வந்திருக்கானா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் லீக்கைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயசுக்குள் இருந்தால் நாலாம் நம்பர் பந்து, அஞ்சாம் நம்பர் வேண்டாம். மாற்று ஆட்டக்காரராக வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போவதற்குச் சிறுவர் ஆட்டத்திலும் ஊர்மட்ட ஆட்டத்திலும் விதியில் இடம் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். வந்த ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று நாங்கள் எழுதியே வைத்திருக்கிறோம். கணுக்கால் பிசகினால் ஐஸ், எங்களுக்குத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ஐஸுக்குப் பஞ்சமில்லை. துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராகத் தோலில் வைக்கக் கூடாது. ரெஃப்ரியிடம் ஒரு அணியிலிருந்து ஒருத்தர்தான் பேசலாம், அது கேப்டன்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசக் குறிப்பு எழுதி வந்திருந்தேன். அதற்கு இடமில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு வந்தார். மதுரை சேது எஃப்.சி. 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கியது. எங்கள் கரையில் பெண் பிள்ளைகளுக்கென்று இரண்டு அணிதான் இதுவரை சேர்ந்திருக்கிறது. இரண்டு அணியை வைத்து லீக் நடத்த முடியாது. இன்னும் இரண்டு சேர்ந்தால் நாலு அணி, ஆறு ஆட்டம், மூணு ஞாயிறு. ஆகஸ்டில் ஆரம்பித்துவிடுவேன். கேட்டுக்கொண்டிருக்கிற வீடுகளில் பெண் பிள்ளை இருந்தால், சனிக்கிழமை நாலு மணிக்கு அனுப்பி வையுங்கள். பூட்ஸ் வேண்டாம், மணலில் வெறுங்கால்தான்.

வணக்கம்.