வர மறுக்கும் போல்ட்

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, ஒரேயொரு போல்ட்டைப் பற்றி மட்டும் பேசலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

போன மாரி முடிகிற நேரம், வேலணைத் தீவிலிருந்து ஒரு தம்பி தன் ஹோண்டா எம்.டி. 90ஐ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிளட்ச் மூடியைக் கழற்ற வெளிக்கிட்டிருக்கிறார். மற்ற போல்ட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. கீழ் மூலையில் ஒன்று மட்டும் அசையவில்லை.

"அண்ணை, மூண்டு நாள் மல்லுக்கட்டிப்போட்டன். இப்ப தலையும் உருண்டிட்டுது" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஆறு மூலையும் மழுங்கி, தலை ஒரு மணியைப்போல இருந்தது. அதில் குறட்டின் பல் பதிந்த தடம், உளி வழுக்கின கீறல், மூடியில் ஒரு வெட்டு. பாவம், வீட்டில் இருந்த எல்லா ஆயுதத்தாலும் முயன்றிருக்கிறார்.

இந்தக் கரைச்சல் எங்கள் ஊரில் ஏன் இவ்வளவு அதிகம் என்று முதலில் சொல்ல வேண்டும். குடாநாட்டைச் சுற்றிக் கடல். பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தீவுகளுக்குத் தினமும் போய் வருகிறவர்களின் வண்டியில் உப்புக் காற்று ஒட்டிக்கொண்டே இருக்கும். தீவுப் பக்கம் பல கிணறுகளில் தண்ணீரும் உவர். அந்தத் தண்ணீரால் வண்டியைக் கழுவினால் உப்பை நாங்களே கொண்டுபோய்ப் பூசுகிறோம். எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் உருக்கு. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு ஈரம் நின்றால் சின்ன பற்றரிபோல மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கறள் என்றால் செம்மண் நிறம் என்றுதான் நினைக்கிறோம். அலுமினியத்தின் கறள் வெள்ளை மா. அது தானிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு, திருகுப் புரிகளுக்கு இடையில் இறுகிவிடும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே சீமெந்து ஊற்றினதுபோல.

அந்தத் தம்பி செய்த முதல் பிழை, பன்னிரண்டு மூலை உள்ள சொக்கெட்டைப் போட்டது. அது போல்ட் தலையின் மூலைகளில்தான் பிடிக்கும், அதனால் மூலை தேயும். ஆறு மூலைச் சொக்கெட் பக்கங்களில் அழுத்துவதால் தலை தப்பும். நட்சத்திரத் தலைத் திருகாணிக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. யப்பான் வண்டிகளில் வருகிற திருகாணியின் குழி சாதாரண பிலிப்ஸ் குழி மாதிரித்தான் தெரியும், ஆனால் அளவு வேறு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது யப்பான் அளவு. அதற்குரிய ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுங்கள். மற்றது வைத்து அழுத்தினால் ஏறி வழுக்கிக் குழியைத் தின்றுவிடும். இன்னொன்று, யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் புரி எதிர்ப்பக்கம் வெட்டியது. அதை இறுகிவிட்டது என்று நினைத்து முறித்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எம்.டி. 90க்கு வருவோம். அன்றைக்கு நான் ஸ்பனரைத் தொடவில்லை. கம்பித் தூரிகையால் தலையைச் சுற்றிச் சுத்தம் செய்து, ஊடுருவும் ஒயிலை விட்டு, பித்தளைக் கட்டையைத் தலையில் வைத்து நேராக நாலு தட்டுத் தட்டினேன். தட்டும்போது வெள்ளை மாவில் வெடிப்பு விழும், அந்த வெடிப்பால் ஒயில் இறங்கும். பொழுதுபட ஒருமுறை, படுக்கப் போகமுன் ஒருமுறை. டபிள்யூ.டி. 40 போதாதா என்று பலர் கேட்பார்கள். அதன் பெயருக்கு அர்த்தமே நீரை விரட்டுதல், நாற்பதாவது கலவை என்பதுதான். 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டிக் கறளைத் தடுக்கவென்று செய்தது. ஒன்றும் இல்லாததற்கு நல்லது. ஆனால் இறுகின போல்ட்டுக்கென்றே விற்கிற ஒயில் கிடைத்தால் அதைத்தான் வாங்குவேன்.

எனக்குத் தொழில் பழக்கிய ஐயாவிடம் அதுவும் இருந்ததில்லை. 1990களில் போரோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் வராது. ஒரு போல்ட் முறிந்தால் இன்னொன்றை எங்கே தேடுவது? கழற்றின ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் விட்ட பால்மாப் பேணியில் போட்டு ஊறவைப்பார். இறுகினதைச் சுற்றிக் களிமண்ணால் சின்னப் பாத்தி கட்டி, அதற்குள் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் நான் அவரிடம் முதலில் படித்தேன்.

அடுத்த நாள் காலை சூடு. ஒரு மீற்றர் அலுமினியம் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 23 மைக்ரோன் நீளும். உருக்கு 12தான். ஆகவே இரண்டும் சேர்ந்து சூடேறினாலும் அலுமினியத் துளை போல்ட்டைவிடக் கூடுதலாக விரியும். பெற்றோல் டாங்கியைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, போட்ட ஒயிலையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஹீட் கன்னால் மூடியைச் சூடாக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் சீறினால் போதும். தூய அலுமினியம் 660 பாகையில் உருகும், ஆனால் உருகுமுன் இரும்பைப்போலச் சிவந்து காட்டாது. நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பிரேக் கலிப்பருக்குப் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் சீல் பழுதாகிவிடும்.

உருண்ட தலைக்கு ஒரு வழி இருக்கிறது. அது 8 மில்லிமீற்றர்த் தலை. மொறிஸ் மைனர் கார்க் காலத்து அங்குலச் சாமான்களில் 5/16 சொக்கெட் ஒன்று ஐயா விட்டுப்போன பெட்டியில் கிடக்கிறது. அதன் அளவு 7.94 மில்லிமீற்றர், ஒரு மயிரிழை சின்னது. சுத்தியலால் தட்டித் தலையில் ஏற்றினேன். பிடித்துக்கொண்டது. முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு துளி. பிறகு கழற்றுகிற பக்கம் ஒரு துளி. கறள் விடுகிறபோது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று, ஒயில் விட்டு விட்டு எடுக்கலாம்.

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. கைக்குக் களிபோல இளகுகிற உணர்வு வந்தது. இளகினது புரி இல்லை, உருக்கு முறுகுகிறது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முன்னர் தலை முறிந்து கையோடு வந்துவிட்டது.

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. "பயப்பிடாதை, தம்பி. இனித்தான் சுகம்" என்றேன். உண்மைதான். தலை போனதும் மூடியை இறுக்கிப்பிடித்த இழுவை போய்விடும். மூடியைக் கழற்றினால் போல்ட்டின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பற்றரியின் வயரையும் தீப்பொறியைக் கட்டுப்படுத்துகிற சி.டி.ஐ. பெட்டியின் பிளக்கையும் கழற்றிவிட்டு, அந்தத் தண்டின்மேல் பெரிய நட் ஒன்றைப் போட்டு உள்ளே வெல்டிங் வைத்தேன். வெல்டிங்கின் சூடு நேரே புரிக்குள் இறங்கும். சிவப்பு மறையும்வரை விட்டு, ஸ்பனரை வைத்து மெல்லத் திருப்ப, கீச்சென்றது. அந்தச் சத்தத்துக்காக இரண்டு நாள் நின்றேன்.

தண்டு உள்ளே முறிந்து, வெளியே ஒன்றும் நீட்டாவிட்டால் வேலை பெரிது. முறிந்த துண்டைப் பிடித்துக் கழற்றுகிற ஈஸி அவுட் வாங்கிப் போட்டுவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். போல்ட்டின் உருக்கைவிட அதன் உருக்கு வலுவான கடினம், ஆனால் முறியக்கூடியது. பழகுகிற காலத்தில் ஒரு சிலிண்டர் ஹெட்டில் ஈஸி அவுட்டை முறித்துவிட்டேன். பிறகு எந்த ட்ரில்லும் அதில் ஏறவில்லை. அந்த ஹெட் போனது போனதுதான். சொந்தக்காரர் ஒரு சொல் பேசாமல் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது நடுப்புள்ளியை அடித்து, இடப்பக்கம் சுழலும் ட்ரில் பிட்டால் துளைக்கிறேன். துளைக்கும்போதே சில நேரம் துண்டு தானாகச் சுழன்று வந்துவிடும். வராவிட்டால் தண்டு 6 மில்லிமீற்றர் உள்ள போல்ட்டுக்கு 5 மில்லிமீற்றர் வரை துளைத்து, புரி வெட்டுகிற டப்பால் பழைய புரியையே மீட்கலாம். புரி போய்விட்டால் கம்பிச் சுருள் புரி, ஹெலிகொயில், போட வேண்டும். துளை ஒரு பக்கம் சரிந்துவிட்டால் லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டுகிறபோது ஒரு மட்டையில் மூடியின் உருவத்தைக் கீறி, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் வேறுவேறு. நீளமானதைக் குட்டையானதன் துளையில் போட்டால் உள்ளே அடியில் இடித்து அலுமினியம் வெடிக்கும். புரியைத் தூரிகையால் சுத்தம் செய்து, செப்புக் கிறீஸ் ஒரு பொட்டு. 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீற்றர் போதும். கிறீஸ் பூசியிருந்தால் அதிலும் கொஞ்சம் குறைய. குட்டை ஸ்பனரைப் பிடித்து மணிக்கட்டால் இறுக்குகிற அளவுதான் அது.

தம்பி அந்த முறிந்த தண்டைக் கேட்டு வாங்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, கிளட்சைப் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். தீவுப் பக்கம் இருக்கிற நேயர்கள், நாளைக்கு வண்டியைக் கழுவுகிறீர்கள் என்றால் கடைசி வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும். காய்ந்த பிறகு ஒயில் கழிக்கிற போல்ட்டின் தலையைச் சுற்றி ஒரு விரல் நுனி கிறீஸ் தடவிவிடுங்கள். பலருடைய வண்டியில் அதற்கு 17 ஸ்பனர் பிடிக்கும், ஆறு மூலையுள்ளது.

வணக்கம்.