கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டு

வணக்கம் நேயர்களே. அலுவலகக் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். பல வருஷமாக அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். வேலைக்குக் குறுக்கே நிற்கிற பாதுகாப்பு நிலைக்காது; ஆட்கள் அதற்குச் சுற்றுவழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாஸ்வேர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும் என்று பல அலுவலகங்களில் விதி உண்டு. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டிதான் இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. எழுதியவர் பில் பர். நடந்தது என்ன? கெடு வந்ததும் பாஸ்வேர்டின் கடைசியில் இருந்த 1 என்ற எண் 2 ஆக மாறியது. அடுத்த முறை 3. நினைவில் நிற்காதவர்கள் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்தார்கள். அப்படிப்பட்ட சீட்டுகளை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பாவம், அவர்களுக்கு அன்றைய வேலை முடிய வேண்டும்.

2017-ல் அதே நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தியது. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றுங்கள், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக பில் பர் அந்த வருஷமே சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் பழைய விதி இன்னும் பல அலுவலகங்களை விட்டுப் போகவில்லை.

இதற்கு நல்ல மாற்று, பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருள். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மற்றதையெல்லாம் அது உருவாக்கி, பூட்டி வைத்து, வேண்டிய இடத்தில் தானே நிரப்பும். நேரம் மிச்சம். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. முகவரியில் ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தை நம் கண் தவறவிடும், மேனேஜர் தவறவிடாது. பாஸ்வேர்டை நிரப்பாமல் சும்மா இருந்துவிடும். அப்போது நீங்களாக நகலெடுத்து ஒட்டாதீர்கள். கையை எடுத்துவிட்டு முகவரியைப் பாருங்கள்.

அடுத்தது அப்டேட். 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தாத கை இல்லை. 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் பரவியபோது பிரிட்டன் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்டேட் வேலை நேரத்தில் வந்து குறுக்கிடாமல் இரவில் தானே முடியும்படி அமைப்பது எங்கள் பொறுப்பு.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊழியர் நிமிஷத்துக்கு எத்தனை முறை விசை தட்டினார் என்று எண்ணுகிற மென்பொருளை வாங்காதீர்கள். யோசிக்கிறவரைச் சோம்பேறி என்று அது கணக்கெழுதும். கண்காணிப்புக்குப் பயந்தவர் தவறு நடந்தாலும் வாய் திறக்க மாட்டார்.

ஒருமுறை ஒருவர் போலி மின்னஞ்சலை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். ஐந்தே நிமிஷத்தில், "தப்புப் பண்ணிட்டேன் சார்" என்று எனக்குப் போன் செய்தார். உடனே அவர் கணக்கை எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றினோம். எதுவும் பறிபோகவில்லை. அன்று மாலை அவருடைய மேலாளர் எல்லார் முன்னாலும் அவருக்கு நன்றி சொன்னார். அடுத்த வாரமே, சந்தேகமான மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டு மூன்று பேர் என் மேசைக்கு வந்தார்கள்.